கற்பிக்கக் கற்றவர்கள்

உங்கள் முன் ஒரு மேசை. அதன்மேல் வரிசையாகச் சிறு தட்டுகள். தட்டுகளில் 15 உலோகப் பாகங்கள்: ஓர் அச்சு, ஒரு கூம்பு, குண்டுகள் பதித்த வளையம், மரை வெட்டிய உருளை, வளைந்த பிரேக் கட்டைகள், நட்டுகள். இவற்றைச் சரியான வரிசையில் கோத்து முடுக்கினால் மிதிவண்டியின் பின்சக்கர மையத்தில் அமரும் ஒரு பிரேக் கிடைக்கும். நம் ஊர் மிதிவண்டிகளில் பிரேக்கைக் கையால் பிடிக்கிறோம். அமெரிக்கச் சிறுவர்களின் மிதிவண்டிகள் பலவற்றில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் வண்டி நிற்கும். அவ்வாறு மிதிக்கும்போது மையத்தின் உள்ளே ஒரு பாகம் மரையில் நகர்ந்து பிரேக் கட்டைகளை விரிக்கிறது. அவை மையத்தின் உட்சுவரை அழுத்துகின்றன. உராய்வு சக்கரத்தை நிறுத்துகிறது. திருகு, ஆப்பு, உராய்வு ஆகிய மூன்று இயற்பியல் பாடங்களும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிய கருவி இது.

இதை முதன்முறையாகப் பார்ப்பவர் பட்டதாரியே ஆனாலும் எடுத்த எடுப்பில் பூட்டிவிட முடியாது. ஒரு வளையத்தைத் தலைகீழாக வைத்துவிட்டால் போதும், பிரேக் பிடிக்காது. இந்த வேலையை அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் கோல்ட் என்ற இளம் ஆய்வாளர் 64 பேருக்குக் கற்பிக்க முற்பட்டார். அவர்கள் அனைவரும் நடுத்தரமான அல்லது கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உடையோர். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும், எண்ணத் தெரியாதவர்களும் இத்தகையோரில் பலர். இவர்களால் இயலும் வேலை என்று அக்காலத்தில் கருதப்பட்டவை பொட்டலம் கட்டுவதும், காகிதம் மடிப்பதும் போன்றவைதாம். ஆனால் கோல்டிடம் பயின்றவர்கள் பிரேக் பூட்டக் கற்றுக்கொண்டார்கள். முடிவுகள் 1972-இல் ஆய்விதழில் வெளியாயின.

இச்செய்தியைக் கேட்டவர்கள் அந்த 64 பேரின் திறமையை வியந்தார்கள். வியக்க வேண்டியதுதான். ஆனால் அதற்கு இணையாக வியக்க வேண்டிய வேறொன்றும் இதில் உண்டு. இவர்களுக்கு முன்பும் இத்தகையவர்கள் இருந்தார்கள். அவர்கள் ஏன் கற்கவில்லை? கற்பிப்பவர்கள் எதைப் புதிதாகக் கற்றுக்கொண்டதால் இது நிகழ்ந்தது? இக்கேள்வியின் வரலாற்றையே இக்கட்டுரையில் காண்போம். (அக்காலத்து நூல்கள் இவர்களை ‘மனவளர்ச்சி குன்றியோர்’ என்றும், அதைவிடக் கடுமையான சொற்களாலும் குறித்தன. இங்கு ‘அறிவுத்திறன் குறைபாடு உடையோர்’ என்ற இன்றைய வழக்கையே கையாள்வோம்.)

புகலிடப் பட்டறைகள்

உடல் அல்லது அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு வேலை தருவது என்றவுடன் பத்தொன்பதாம் நூற்றாண்டினர் நினைத்தது தனிப் பட்டறையைத்தான். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சாமுவேல் கிரிட்லி ஹோ என்ற மருத்துவர் பார்வையற்றோர் பள்ளி ஒன்றை நடத்தி வந்தார். பள்ளியில் பயின்று தொழில் கற்றவர்களை வெளியே எவரும் வேலைக்கு எடுத்துக்கொள்ளவில்லை. எனவே 1830-களின் இறுதியில் பள்ளியோடு சேர்ந்த பட்டறை ஒன்று அவர்களுக்காகவே உருவாயிற்று. இத்தகைய இடங்களைப் புகலிடப் பட்டறைகள் எனலாம். வெளி உலகின் போட்டியிலிருந்தும் ஏளனத்திலிருந்தும் காத்துப் புகலிடம் அளிப்பதால் இப்பெயர்.

நோக்கம் நல்லதுதான். ஆனால் புகலிடத்துக்குச் சுவர் உண்டு. சுவர் காக்கவும் செய்யும், அடைக்கவும் செய்யும். 1938-இல் அமெரிக்காவில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. மணிக்கு 25 சென்ட்டுக்குக் குறையாமல் கூலி தரவேண்டும் என்றது அச்சட்டம். அதே சட்டத்தின் ஒரு பிரிவு, குறைபாடு உடையவர்களுக்கு அதற்கும் குறைவாகத் தரலாம் என்று அனுமதித்தது. வேலை வாய்ப்புப் பறிபோகக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். நடைமுறையில், பட்டறைக்குள் இருப்பவர் குறைந்த கூலிக்கு எளிய வேலையை ஆண்டுக்கணக்கில் செய்துகொண்டிருக்க அது வழிவகுத்தது.

‘வெளியே அனுப்புவோம், ஆனால் முதலில் தயாராகட்டும்’ என்பது பட்டறைகளின் கொள்கை. பகல்நேரக் காப்பகம், பட்டறை, பிறகு வெளிவேலை என்று படிகள் இருந்தன. ஒரு படியில் தேறியவரே அடுத்த படிக்குச் செல்லலாம். இதில் ஒளிந்திருந்த சிக்கலைக் கணக்குப் போட்டால் காணலாம். ஓர் எடுத்துக்காட்டாக, ஒரு படியில் உள்ள 100 பேரில் ஆண்டுதோறும் 3 விழுக்காட்டினர் மட்டுமே மேலே ஏறுகிறார்கள் என்று கொள்வோம். கதிரியக்கப் பொருளின் அரை ஆயுளைக் கணக்கிடும் அதே முறையில் கணக்கிட்டால், பாதிப் பேர் ஏறி முடிக்க ஏறத்தாழ 23 ஆண்டுகள் ஆகும். படிகளோ பல. 1986-இல் தாமஸ் பெல்லமியும் உடன் பணியாற்றியவர்களும் அமெரிக்காவின் உண்மையான புள்ளிவிவரங்களைக் கொண்டு இப்படிக் கணக்கிட்டபோது, கீழ்ப்படியில் சேரும் ஓர் இளைஞர் வெளிவேலையை அடையக் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஆகும் என்று தெரிந்தது. 21 வயதில் சேர்ந்தவர் ‘தயாராகும்’போது ஓய்வு பெறும் வயதைக் கடந்திருப்பார்!

போர் கற்பித்த பாடம்

இப்போது சற்று வேறு திசையில் செல்வோம். ‘எப்படிக் கற்பிப்பது?’ என்ற கேள்வியை மிகத் தீவிரமாக எழுப்பியவை பள்ளிகள் அல்ல, போர்க்காலத் தொழிற்சாலைகள்.

முதல் உலகப் போரின்போது அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களுக்குத் திடீரென்று பல்லாயிரம் தொழிலாளர்கள் தேவைப்பட்டார்கள். சார்லஸ் ஆலன் என்பவர், கைதேர்ந்த தொழிலாளிகளையே பயிற்றுநர்களாக மாற்றும் முறையை வகுத்தார். தொழில் தெரிந்தவருக்கெல்லாம் அதைக் கற்பிக்கத் தெரிந்துவிடாது. கற்பித்தல் தனியாகக் கற்க வேண்டிய ஒரு தொழில் என்பது அவருடைய அடிப்படை. அவருடைய நூல் 1919-இல் வெளிவந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் பிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் என்ற தம்பதியர் வேலை செய்யும் கைகளின் அசைவுகளைத் திரைப்படக் கருவியால் படம்பிடித்து ஆராய்ந்தனர். எந்த வேலையையும் தேடுதல், பற்றுதல், நகர்த்துதல், பொருத்துதல் போன்ற சில அடிப்படை அசைவுகளாகப் பிரித்துவிடலாம் என்று அவர்கள் காட்டினர். அணுக்கள் சேர்ந்து மூலக்கூறாவது போல அசைவுகள் சேர்ந்து வேலையாகின்றன. போரில் கை கால் இழந்து திரும்பிய வீரர்களின் மறுவாழ்வுக்கு இம்முறையை அவர்கள் பயன்படுத்தினர். ஒரு வேலைக்கு எந்த அசைவுகள் தேவை என்று பிரித்துப் பார்த்தால், இழந்த உறுப்பு இல்லாமலே அதைச் செய்யும் வழியை வகுக்கலாம் அல்லவா? இதைப்பற்றி 1920-இல் ஒரு நூலும் வெளியிட்டனர்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1940-இல் அமெரிக்க அரசு தொழிற்சாலைப் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. முதலில் எழுந்த நெருக்கடி நம் இயற்பியலோடு தொடர்புடையது. குறிபார்க்கும் கருவிகளுக்கு வேண்டிய கண்ணாடி வில்லைகளைத் தேய்த்து மெருகிடும் வல்லுநர்கள் போதவில்லை. ஒரு வல்லுநர் உருவாக 5 ஆண்டுகள் ஆகும் என்பது அத்தொழிலின் மரபு. அந்த வேலையைச் சிறு பணிகளாகப் பிரித்து, எங்கே கை தவறும் என்பதைக் குறித்துக்கொண்டு, முறையாகக் கற்பித்தபோது, அதில் பெரும்பகுதியைச் சில மாதங்களிலேயே புதியவர்கள் கற்றுக்கொண்டனர். இதிலிருந்து நான்கு படிகள் பிறந்தன: கற்பவரைத் தயார்ப்படுத்து, செய்து காட்டு, செய்ய விட்டுப் பார், பிறகு தொடர்ந்து கவனி. 1945-இல் திட்டம் முடிவதற்குள் பதினேழு இலட்சத்துக்கும் மேற்பட்ட மேற்பார்வையாளர்கள் சான்றிதழ் பெற்றனர். தொழிலாளி கற்கவில்லை என்றால் பயிற்றுநர் கற்பிக்கவில்லை என்று பொருள் என்பது அப்பயிற்சியின் தாரக மந்திரமாக விளங்கியது.

இந்த மந்திரம் சாதாரணத் தொழிலாளிக்குப் பொருந்தும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டனர். அறிவுத்திறன் குறைபாடு உடையவருக்கும் பொருந்துமா? அவர் கற்காவிட்டால் குறை அவரிடம்தானே? அன்று பெரும்பாலோர் அப்படித்தான் எண்ணினர்.

எப்சமில் ஒரு சோதனை

அவ்வாறு எண்ணாதவர்களும் சிலர் இருந்தனர். இங்கிலாந்தில் எப்சம் என்னும் ஊரில் ‘தி மேனர்’ என்ற பெரிய மருத்துவமனை இருந்தது. அறிவுத்திறன் குறைபாடு உடையோர் அங்கே ஆண்டுக்கணக்கில், பலர் ஆயுள் முழுவதும், தங்க வைக்கப்பட்டிருந்தனர். அங்கு உளவியலாளராக இருந்த ஆலன் கிளார்க், பியாட்டே ஹெர்மலின் என்பவருடன் சேர்ந்து ஒரு சிறு குழுவுக்குத் தொழிற்சாலை வேலைகளைக் கற்பித்தார். மின்கம்பியைக் குறித்த நீளத்துக்கு வெட்டுவது ஒரு வேலை. தொலைக்காட்சிப் பெட்டியின் செருகியில் வெவ்வேறு நிறக் கம்பிகளை உரிய முனைகளில் பற்றவைப்பது மற்றொன்று. மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பைப் பாகம் பாகமாகப் பூட்டுவது இன்னொன்று.

தொடக்கத்தில் அவர்களின் வேலை மோசமாகவே இருந்தது. முதல் நாளோடு நிறுத்தியிருந்தால், ‘இவர்களால் முடியாது’ என்ற பழைய முடிவே மீண்டும் நிரூபணமாகியிருக்கும். ஆனால் ஆய்வாளர்கள் நிறுத்தவில்லை. பயிற்சி தொடரத் தொடர வேகமும் திருத்தமும் உயர்ந்தன. 1955-இல் வெளியான அவர்களது கட்டுரையின் சாரம் இதுதான்: ஒருவர் தொடக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறார் என்பதைக் கொண்டு, பயிற்சிக்குப் பின் எந்த நிலையை அடைவார் என்று கணிக்க முடியாது.

வாசகர்களே, இம்முடிவின் ஆழத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒருவரைப் பட்டறையில் சேர்ப்பதா, வெளியே அனுப்புவதா என்பதையெல்லாம் அக்காலத்தில் முதல்நாள் சோதனையைக் கொண்டே தீர்மானித்தார்கள். வரைபடத்தின் முதல் புள்ளியை மட்டும் பார்த்துவிட்டு முழுக்கோட்டையும் வரைந்துவிடும் தவறு அது. சாய்வு என்ன என்பதை அறியக் குறைந்தது இன்னும் ஒரு புள்ளியாவது வேண்டும் என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர்.

மார்க் கோல்டின் சிவப்பு வண்ணம்

இனி 64 பேரின் கதைக்கு வருவோம். மார்க் கோல்ட் முதலில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் சிறப்புப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பிறகு இலினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அவரிடம் பயின்ற 64 பேரும் நான்கு புகலிடப் பட்டறைகளிலிருந்து வந்தவர்கள்.

அவர்களை அவர் இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவினருக்குத் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே பாகங்களைத் தந்தார். மற்றப் பிரிவினருக்குத் தந்த பாகங்களில் ஒரே ஒரு மாற்றம் செய்தார். பூட்டும்போது கற்பவரை நோக்கி இருக்கவேண்டிய பக்கத்தில் சிவப்பு வண்ணம் பூசினார். அவ்வளவுதான். இந்தப் பிரிவினர் மற்றவர்களைவிட மிக விரைவில் கற்றனர். பின்னர் 24 பாகங்கள் கொண்ட வேறொரு பிரேக்கையும் கற்பித்துப் பார்த்தார். ஓராண்டு கழித்து மீண்டும் சோதித்தபோது, கற்றது பெருமளவு நினைவில் நின்றிருந்தது.

வண்ணம் பூசியதால் கற்பவரின் அறிவுத்திறன் கூடிவிடவில்லை. ஒரு பாகத்தின் எந்தப் பக்கம் முன்னே வரவேண்டும் என்பதுதான் அந்த வேலையின் கடினமான இடம். அந்த இடத்தைக் கண்டுபிடித்தவர் பயிற்றுநர். அதை எளிதாக்கியவரும் அவரே. ஆகவே, கற்கும் வேகம் கற்பவரை மட்டும் பொறுத்தது அன்று, கற்பிப்பவரின் சிந்தனையையும் பொறுத்தது என்பது கண்கூடாயிற்று.

கோல்ட் இதை ஒரு முறையாக வளர்த்து, பயிற்றுநர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். ‘வேறு வழியில் முயன்று பார்’ என்பது அம்முறையின் பெயர். கற்பவர் ஒரு பாகத்தைத் தவறாகப் பிடித்தால் பயிற்றுநர் சொல்லும் சொல்லும் அதுதான். ‘தவறு’ என்று சொன்னால் கை நின்றுவிடும். இப்படிச் சொன்னால் கை வேறு திசையில் தேடும். சரியாகச் செய்யும்போது பயிற்றுநர் மௌனமாக இருக்கவேண்டும். ‘சபாஷ், சபாஷ்’ என்று ஓயாமல் பாராட்டினால் கவனம் வேலையிலிருந்து விலகிப் பயிற்றுநரின் முகத்துக்குச் சென்றுவிடும் என்பது அவர் கருத்து. பயிற்றுநரின் மௌனமே ‘சரி’ என்பதன் அடையாளம்.

அறிவுத்திறன் குறைபாடு என்ற சொல்லுக்கே கோல்ட் புதிய விளக்கம் தந்தார். வழக்கமான விளக்கங்கள் அம்மனிதரிடம் என்ன குறைகிறது என்று அளந்தன. கோல்டின் விளக்கமோ, அவருக்குக் கற்பிக்கச் சமுதாயத்திடமிருந்து எவ்வளவு உயர்ந்த பயிற்றுமுறை தேவைப்படுகிறது என்று அளந்தது. பொறுப்பு இடம் மாறிவிட்டது. கோல்ட் 1982-இல் நடுவயதிலேயே காலமானார். அவருடைய முறை தொடர்ந்து பரவிற்று.

செயலைப் பிரித்தல்

இம்முறையின் உயிர்நாடியைச் செயல் பகுப்பாய்வு எனலாம். நீங்களே இதைச் செய்து பார்க்கலாம். ‘உணவு விடுதியின் மேசையைத் துடை’ என்பது நமக்கு ஒரே வேலை. அதைக் கற்பிப்பதற்காகப் பிரித்து எழுதிப் பாருங்கள்.

துணியை எடுத்தல், நீரில் நனைத்தல், பிழிதல், மேசையின் தொலைவான இடது மூலையில் துணியை வைத்தல், வலது ஓரம்வரை ஒரே இழுப்பாகத் துடைத்தல், துணியின் அகலம் அளவு கீழே இறங்குதல், மீண்டும் இடது ஓரம்வரை துடைத்தல், கீழ் ஓரம் வந்ததும் நிறுத்துதல், துணியை வாளியில் இடுதல்.

இதோடு முடிந்ததா? ‘பிழிதல்’ என்று எளிதாக எழுதிவிட்டோம். எவ்வளவு பிழிந்தால் போதும்? நமக்குக் கை சொல்லும். பழகாதவருக்கு அதைக் கண்ணால் காணும் அடையாளமாக மாற்றித் தரவேண்டும்: ‘நீர் சொட்டுவது நிற்கும்வரை’. அவ்வாறு தந்தும் ஒருவர் தடுமாறினால், பயிற்றுநர் அந்தப் படியையே மேலும் இரண்டாகவோ மூன்றாகவோ பிரிக்கவேண்டும். கற்பவர் திணறும் இடம், பயிற்றுநரின் பட்டியலில் ஒரு படி விட்டுப்போயிருப்பதைக் காட்டும் இடம்.

அடுத்தது, உதவியின் அளவு. முதலில் பயிற்றுநர் காத்திருப்பார். தேவையானால் ஒரு சொல்; அது போதாவிட்டால் ஒரு சைகை; அதுவும் போதாவிட்டால் செய்து காட்டல்; கடைசியாகவே கையைப் பிடித்து நடத்துதல். ஒவ்வொரு படியிலும் எந்த அளவு உதவி தேவைப்பட்டது என்று ஒரு தாளில் குறிக்க வேண்டும். நாளாக ஆக, தானே செய்த படிகளின் எண்ணிக்கை ஏறவேண்டும். பயிற்றுநர் உடனிருக்கும் நேரம் இறங்கவேண்டும். கொத்தனார் வளைவு கட்டும்போது அடியில் சாரம் நிறுத்துகிறார். கலவை இறுகியபின் அதைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி எடுக்கிறார். முன்னதாக எடுத்தால் வளைவு சரியும். எடுக்காமலே விட்டால் அது வாயிலாகாது. பயிற்றுநரின் உதவியும் அப்படித்தான்.

கேட்பதற்கு எளிது; செய்வது கடினம். தடுமாறும் ஒருவரைப் பார்த்துக்கொண்டு ஐந்து விநாடி பேசாமல் நிற்பது எவ்வளவு அரிது என்பதை நீங்கள் முயன்றால் உணர்வீர்கள். நல்ல மனம் கொண்டவர் உடனே கை கொடுத்துவிடுவார். அந்த இரக்கமே கற்றலைத் தடுத்துவிடும். நல்லெண்ணம் மட்டும் போதாது, பயிற்றுநருக்கும் பயிற்சி வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

பட்டறையை விட்டு வெளியே

1970-களில் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் பெல்லமி குழுவினர், கடுமையான குறைபாடு உடையோருக்கு ஏறக்குறைய 50 பாகங்கள் கொண்ட மின்விசைமாற்றி ஒன்றைப் பூட்டக் கற்பித்தனர். எனினும் இத்தகைய வேலைகள் தனிப் பட்டறைகளிலேயே நடந்து வந்தன. பட்டறையில் கற்றதை வேறோர் இடத்தில் செய்யச் சொன்னால் பலர் தடுமாறினர். அங்கே ஒலி வேறு, ஒளி வேறு, ஆட்கள் வேறு. ஓரிடத்தில் கற்றதை இன்னோர் இடத்துக்கு எடுத்துச் செல்வதுதான் இவர்களுக்கு மிகக் கடினமான பகுதி.

அப்படியானால் தீர்வு என்ன? வேலை நடக்கும் இடத்திலேயே கற்பிப்பதுதான்! விர்ஜீனியா மாநிலத்தில் பால் வேமனும் அவர் குழுவினரும் 1970-களின் இறுதியில் இதைச் செய்யத் தொடங்கினர். ‘பயிற்று, பிறகு வேலையில் அமர்த்து’ என்ற பழைய வரிசையைத் திருப்பிப் போட்டனர்: ‘வேலையில் அமர்த்து, பிறகு பயிற்று’. 1983-இல் விர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்தில் இதற்கென ஓர் ஆய்வு, பயிற்சி மையம் ஏற்பட்டது.

இத்துடன் ஒரு புதிய தொழில் பிறந்தது. ஆங்கிலத்தில் ‘ஜாப் கோச்’ என்று அழைக்கப்படும் இவரை நாம் பணிப் பயிற்றுநர் எனலாம். இவர் என்ன செய்கிறார்? முதலில் குறிப்பிட்ட நபரின் விருப்பத்தையும் ஆற்றலையும் அறிந்துகொள்கிறார். அதற்கேற்ற வேலையைத் தேடி முதலாளியிடம் பேசுகிறார். பாத்திரம் கழுவுதல், கட்டடம் தூய்மை செய்தல், உணவகச் சமையலறைப் பணி போன்றவை தொடக்கக் காலத்தில் கிடைத்த வேலைகள். பிறகு அந்த வேலையைத் தாமே செய்து பார்த்துச் செயல் பகுப்பாய்வு எழுதுகிறார். பணியாளர் சேர்ந்த நாள்முதல் உடன் நின்று கற்பிக்கிறார். கற்று முடியும்வரை, விடுபடும் வேலையைத் தாமே செய்து முடித்து முதலாளிக்கு நட்டமில்லாமல் பார்த்துக்கொள்கிறார். மெல்ல மெல்ல விலகுகிறார். விலகிய பின்னும் அவ்வப்போது வந்து பார்க்கிறார். பணியாளர் பேருந்தில் ஏறி வேலைக்கு வரக் கற்பதும், இடைவேளையில் மற்றவர்களோடு அமர்ந்து உண்பதும்கூட இவருடைய கவனத்துக்குரியவை.

அரசாங்கமும் இதைக் கவனித்தது. 1980-களில் அமெரிக்கக் கல்வித்துறையில் சிறப்புக் கல்விக்குப் பொறுப்பாக இருந்த மேடலின் வில், டவுன் நோய்க்குறியுள்ள ஒரு மகனின் தாய். பள்ளி முடிந்தபின் இத்தகைய இளைஞர்கள் எங்கே செல்வார்கள் என்ற கேள்வி அவருக்கு வெறும் நிர்வாகக் கேள்வியாக இருந்திருக்க முடியாது. இம்முறையைப் பரப்ப மாநிலங்களுக்கு நிதியுதவி வழங்கப்பட்டது. 1986-இல் மறுவாழ்வுச் சட்டத் திருத்தத்தின் மூலம், ‘துணையுடன் கூடிய வேலை’ என்பது சட்டத்தில் இடம்பெற்றது. உண்மையான கூலி, மற்றவர்களோடு கலந்து பணிபுரியும் இடம், தொடர்ந்த துணை ஆகிய மூன்றும் அதன் கூறுகள். 1986-இல் இவ்வகையில் பணிபுரிந்தோர் பத்தாயிரத்துக்கும் குறைவு. 1995-க்குள் ஓர் இலட்சத்தைத் தாண்டிவிட்டனர்.

துணையே தடையானபோது

இத்தனை வேகமாக வளர்ந்தால் பணிப் பயிற்றுநர்களும் ஆயிரக்கணக்கில் வேண்டும். பலர் சில நாள் பயிற்சியோடு, சிலர் அதுவும் இன்றி, வேலைக்கு அனுப்பப்பட்டனர். விரைவிலேயே ஓர் எதிர்பாராத விளைவு தென்பட்டது.

பணியாளர் அருகில் எப்போதும் ஒருவர் நிற்கிறார். மேற்பார்வையாளருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் யாரிடம் சொல்வார்? பணியாளரிடம் சொல்லாமல் பயிற்றுநரிடம் சொல்லிவிடுவார். உடன் வேலை செய்பவர்களும் அப்படியே. ‘அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இருக்கிறாரே’ என்று ஒதுங்கிவிடுவார்கள். பட்டறையின் சுவரை இடித்துவிட்டு வெளியே வந்தவர், தம் பயிற்றுநரையே நடமாடும் சுவராகக் கூட்டிவந்தது போலாயிற்று!

1988-இல் ஜான் நிஸ்பெட், டேவிட் ஹாக்னர் என்ற ஆய்வாளர்கள் இதைச் சுட்டிக்காட்டினர். எந்த வேலையிடத்திலும் புதிதாகச் சேர்ந்தவருக்கு மற்றவர்கள் இயல்பாகவே சொல்லிக் கொடுக்கிறார்கள். நீங்கள் வேலையில் சேர்ந்தால் தண்ணீர் எங்கே இருக்கிறது, எந்தக் கதவு ஒட்டிக்கொள்ளும், மேலாளரிடம் எந்த நேரத்தில் விடுப்புக் கேட்கக் கூடாது என்பதையெல்லாம் பக்கத்து இருக்கைக்காரர்தானே சொல்கிறார்? இந்த இயல்பான துணையைத் தட்டி எழுப்புவதே பயிற்றுநரின் வேலையாக இருக்கவேண்டும் என்றனர் அவர்கள்.

இதனால் பயிற்றுநருக்கான பயிற்சியும் மாறிற்று. பணியாளருக்குக் கற்பிக்கும் கலையோடு, உடன் வேலை செய்பவருக்கு அக்கலையைக் கைமாற்றும் திறமையும் சேர்ந்தது. ‘இதை முதல் நாள் உங்கள் ஆட்களுக்கு யார் சொல்லிக்கொடுப்பார்?’ என்று முதலாளியிடம் கேட்டு, அவரையே கற்பிக்கச் சொல்லி, அவர் தடுமாறும் இடத்தில் மட்டும் உதவக் கற்றனர். மேற்பார்வையாளருக்குச் செயல் பகுப்பாய்வு பிடிபட்டுவிட்டால், அந்தத் தொழிற்சாலையின் மற்றப் புதிய தொழிலாளர்களுக்கும் அது பயன்பட்டது. போர்க்காலத் தொழிற்சாலையில் கண்ட பாடம், சுற்றி வந்து, மீண்டும் தொழிற்சாலைக்கே சேர்ந்தது எனலாம்.

கடலைத் தாண்டியும் இம்முறை சென்றது. 2002-இல் ஜப்பான் பணிப் பயிற்றுநர் முறையை அரசின் திட்டமாகவே ஏற்றது. அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலம் 2000-களின் தொடக்கத்தில் தன் புகலிடப் பட்டறைகளை முற்றிலும் மூடிவிட்டது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 2015-இல் குறைந்தபட்சத்துக்கும் குறைவான கூலியைச் சட்டத்தால் தடைசெய்தது. பட்டறைகளை மூடும்போது பெற்றோர் பலர் அஞ்சினர்; அந்த அச்சம் பொருளற்றதன்று. பகல் முழுவதும் பாதுகாப்பாக இருந்த பிள்ளையை வெளியே அனுப்பி, அங்கே கற்பிக்க ஆளில்லையென்றால் அவர் வீட்டுக்கே திரும்பி வருவார். பட்டறையை மூடுவது ஓர் ஆணையில் முடியும். நல்ல பயிற்றுநரை உருவாக்குவது ஆணையில் முடியாது.

சட்டமும் கையும்

2006-இல் ஐக்கிய நாடுகள் அவை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய உடன்படிக்கையை ஏற்றது. அதன் 27-ஆம் பிரிவு, மற்றவர்களோடு சமமாக வேலை செய்யும் உரிமையைக் கூறுகிறது. இந்தியா 2007-இல் அதை உறுதிசெய்தது. அதன்வழி வந்த நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டுச் சட்டம், அரசுப் பணியிடங்களில் 4 விழுக்காட்டை ஒதுக்கியது. அதில் 1 விழுக்காடு, அறிவுத்திறன் குறைபாடு, ஆட்டிசம், மனநோய் முதலியவை உடையோருக்கென வகுக்கப்பட்டது.

ஒதுக்கீடு வாயிலைத் திறக்கிறது. வாயிலுக்குள் நுழைந்தவருக்கு முதல் நாள் யார் கற்பிப்பார், எப்படிக் கற்பிப்பார் என்பதில்தான் அவர் நிலைப்பதும் திரும்புவதும் இருக்கிறது. இவ்வரலாறு முழுவதிலும் கண்டது இதுவே. பம்பு பூட்டியவர்கள், பிரேக் பூட்டியவர்கள், மேசை துடைத்தவர்கள் ஆகிய எல்லோருமே முன்பு ‘முடியாதவர்கள்’ பட்டியலில் இருந்தவர்கள். அவர்கள் மாறுவதற்கு முன்னால் அவர்களுக்குக் கற்பித்தவர்கள் மாறினார்கள்.

மாணவ நண்பர்களே! உங்களில் பலர் நாளை மேற்பார்வையாளராகவோ, ஆசிரியராகவோ, கடை நடத்துபவராகவோ ஆவீர்கள். புதிதாக வந்த ஒருவர் ஒரு வேலையைத் தவறாகச் செய்துகொண்டு உங்கள் முன் நிற்பார். ‘இவருக்கு வராது’ என்ற சொல் நாக்கின் நுனிவரை வரும். அப்போது ஒரு தாளை எடுத்து, அந்த வேலையைப் படிபடியாக எழுதிப் பாருங்கள். எந்தப் படியில் அவர் கை நிற்கிறது என்று கவனியுங்கள். அந்தப் படியை இரண்டாகப் பிரித்து மீண்டும் காட்டுங்கள். அதற்கு ஒரு தாளும் ஒரு பென்சிலும் கொஞ்சம் பொறுமையும் போதும். எதிரில் நிற்பவருக்கோ அது வாழ்நாள் முழுமைக்குமான கூலியாக அமையக்கூடும்.